சி.எஸ்.ஐ. சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பெயர் பதிவு முதல் பெருமன்றம் வரை

ஊர் மாறி வந்து, பக்கத்தில் இருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்துக்குத் தவறாமல் போய்க்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஞாயிறு ஆராதனை, பாடகர் குழு, அறுப்பின் பண்டிகை ஏலம் என்று எல்லாவற்றிலும் நீங்கள் இருப்பீர்கள். சேகரக் கமிட்டித் தேர்தல் (சேகரம் என்பது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) வரும்போது மட்டும் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது. எங்கள் வீட்டுக்கும் அதுதான் நடந்தது. தென்மாவட்டத்துச் சேகரம் ஒன்றிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள் நாங்கள். பெயரைச் சேர்க்க ஓர் அலைச்சல், அப்புறம் ஆலயத்தில் ஒரு சின்ன வேலையைச் செய்யவைக்க இன்னோர் அலைச்சல். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கேட்கும் இடத்திலெல்லாம் "அடுத்த வாரம் வாங்க" என்பதுதான் பதில்.

சி.எஸ்.ஐ.யில் சாதாரண விசுவாசிக்கு உண்மையிலேயே அதிகாரம் உண்டு. ஆனால் அது பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கு, எழுத்தில் கேட்பவருக்கு, சரியான கூட்டத்துக்கு முன்பே கேட்பவருக்குத்தான் வேலை செய்யும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குத்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பேராயரின் கீழ் பல சேகரங்கள் சேர்ந்ததுதான் திருமண்டலம். ஒவ்வொரு திருமண்டலத்துக்கும் தனி அமைப்புவிதி உண்டு. வயது, சந்தா, பதவிக்காலம் எல்லாம் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும். அதனால் உங்கள் திருமண்டல அமைப்புவிதிப் புத்தகத்தை முதல் வேலையாக வாங்குங்கள். சேகர அலுவலகத்தில் இல்லையென்றால் திருமண்டல அலுவலகத்தில் கேளுங்கள். எல்லாத் திருமண்டலங்களுக்கும் மேலான மன்றமான சினாடுக்கும் தனியாக ஓர் அமைப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டும் முரண்பட்டால் சினாடு சட்டமே செல்லும்.

1. உங்கள் சபை எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாக் கிறிஸ்தவ சபைகளும் ஒரே மாதிரி நடப்பதில்லை. கத்தோலிக்கப் பங்கில் இறுதி முடிவு பங்குத்தந்தையுடையது, அவருக்கு மேல் மறைமாவட்ட ஆயருடையது. அங்கே பங்குப் பேரவை ஆலோசனை மட்டுமே சொல்ல முடியும். நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 537 சொல்கிறது. ஆகவே கத்தோலிக்க வாசகர்கள் கணக்கு பற்றிக் கேட்க வேண்டுமென்றால் நிதிக்குழுவைத் தேடிப் போங்கள்.

தனிச் சபைகள், பெந்தெகொஸ்தே ஜெப வீடுகள் என்றால் அந்தச் சபை எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் சங்கமாகப் பதிவாகியிருந்தால் உறுப்பினர் பட்டியல், ஆண்டுப் பொதுக்குழு, பதிவாளரிடம் ஆண்டுக் கணக்கு என்று எல்லாம் இருக்க வேண்டும். அறக்கட்டளையாக இருந்தால் முடிவெடுப்பவர்கள் அறங்காவலர்கள்தான். சபைக்கு வருகிறவருக்கு அங்கே வாக்கு கிடையாது. சேரும் முன்பே இதைக் கேட்பதில் தவறே இல்லை.

சி.எஸ்.ஐ. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பேராயர் உண்டு, அவரோடு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களும் உண்டு. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபுகள் 1947-இல் ஒன்றாகச் சேர்ந்ததால் வந்த கலவை இது. இனி சொல்வதெல்லாம் சி.எஸ்.ஐ.க்கு.

2. பழைய சேகரத்திலிருந்து மாற்றுக் கடிதம் வாங்குங்கள்

ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுவது நல்லது. சி.எஸ்.ஐ.யில் ஆயர் என்றால் சேகரத்தின் போதகர், பேச்சில் ஐயர். பல திருமண்டலங்களில் கோடை விடுமுறையை ஒட்டி ஆயர்கள் மாறுவார்கள். உங்களைத் தெரிந்த ஐயர் மாறிப் போய்விட்டால், புதிதாக வந்தவருக்கு உங்கள் குடும்பத்தைத் தெரியாது. பதிவேட்டைப் புரட்டித்தான் அவர் கையெழுத்துப் போட வேண்டும். நாள் இழுக்கும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: குடும்பத்தில் ஒவ்வொருவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் ஆராதனை) தேதி, திருமணத் தேதி, சந்தா எந்த மாதம் வரை கட்டப்பட்டது என்ற விவரம், பாக்கி இல்லை என்ற ஒரு வரி, ஆயரின் கையெழுத்து, சேகர முத்திரை. "இவர்கள் எங்கள் சபையைச் சேர்ந்த நல்ல குடும்பத்தார்" என்று நாலு வரியில் ஒரு கடிதம் தருவார்கள். அது அறிமுகக் கடிதம், அதை வைத்து வாக்காளர் பட்டியலில் ஏற முடியாது. வாங்கும்போதே நின்று படித்துப் பாருங்கள். குறிப்பாகத் திடப்படுத்தல் தேதி. அது இல்லாவிட்டால் புதிய சேகரத்தில் உங்களை ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினராகத்தான் எழுதுவார்கள், திருவிருந்து உறுப்பினராக எழுதமாட்டார்கள். வாக்கு திருவிருந்து உறுப்பினருக்குத்தான்.

பழைய பதிவேட்டில் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருப்பது சாதாரணம். பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் 'ஞானசுந்தரி' என்று மட்டும் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் அதற்கு முன்னால் முதலெழுத்தும் பின்னால் தகப்பனார் பெயரும் சேர்ந்திருக்கும். கடிதத்திலேயே "பதிவேட்டின்படி இன்ன பெயர், தற்போது வழங்கும் பெயர் இது" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். பின்னால் திருமணப் பதிவுக்கும் இது உதவும்.

உங்கள் சேகரம் இடையில் இரண்டாகப் பிரிந்திருந்தால் பழைய பதிவேடுகள் பெரும்பாலும் தாய்ச் சேகரத்தில்தான் இருக்கும். நேரே அங்கே போங்கள். போகும்போது ஞானஸ்நானம் நடந்த ஆண்டும் பெற்றோர் பெயரும், முடிந்தால் ஞானப்பெற்றோர் பெயரும் குறித்துக்கொண்டு போனால் தேடுவது எளிது. வரிசை எண் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை.

செலவு பெரிதாக இல்லை. பதிவேட்டு நகலுக்குச் சேகரம் நிர்ணயித்த கட்டணம் இருக்கும், அதற்கு ரசீது கேளுங்கள். பெரிய செலவு ஊருக்குப் போய்வரும் பயணச் செலவுதான். அதனால் குடும்பத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையில் வாங்குங்கள்.

திடப்படுத்தல் ஆகாதவர்கள் வீட்டில் இருந்தால் அதற்குத் தனியாகக் காலம் வேண்டும். வகுப்புகள் சில வாரங்கள் நடக்கும். ஆராதனை பொதுவாகப் பேராயர் சேகரத்துக்கு வரும் நாளில் இருக்கும். அந்த நாள் எப்போது என்று ஆயரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெயர் கொடுத்துவிடுங்கள். தவறவிட்டால் அடுத்த வருகைவரை காத்திருக்க வேண்டும். வேறு சபையில் திரியேக தேவனின் நாமத்தில் தண்ணீரால் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்கள். சான்றைக் காட்டினால் போதும். சபையில் ஏற்றுக்கொள்ளும் முறை தனியாக உண்டு.

3. புதிய சேகரத்தில் பதிவு செய்யுங்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் ஆயரிடம் கடிதத்தை நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் அவரைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள், கடிதம் அங்கியின் பைக்குள் போய்விடும். வாரநாளில் சேகர அலுவலகத்துக்குப் போய்ச் செயலாளரிடமோ அலுவலக எழுத்தரிடமோ கொடுங்கள். மூலக் கடிதத்தைக் கொடுக்கும் முன் இரண்டு நகல் எடுத்து, ஒரு நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். உங்களைச் சந்தேகப்படுகிறவராக யாரும் நினைக்கமாட்டார்கள். அலுவலகம் என்றால் அதுதான் முறை.

கூடவே வேண்டியவை: குடும்பப் புகைப்படம் அல்லது ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் அளவுப் படம், முகவரிச் சான்று, ஞானஸ்நானச் சான்று நகல்கள், திருமணமானவர்களுக்குத் திருமணச் சான்று நகல். சில சேகரங்களில் பெயர் சேர்ப்பு கமிட்டியின் ஒப்புதலுக்குப் போகும். அப்படியென்றால் எந்தத் தேதிக் கூட்டத்தில் வருகிறது என்று கேட்டு, கூட்டம் முடிந்ததும் உங்கள் குடும்ப எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். குடும்ப எண் கையில் வந்தால்தான் பதிவு முடிந்தது என்று அர்த்தம்.

ஒரே நேரத்தில் இரண்டு சேகரத்தில் உறுப்பினராக இருக்க முடியாது. ஊர்ப்பாசத்தில் பலர் ஊர்ச் சேகரத்தில் பெயரை விடமாட்டார்கள். அந்த மனசு எனக்கும் புரியும். அப்பா அம்மா கல்லறை அங்கே, அசனம் (ஆலயத்தின் பொது விருந்து) அங்கே. ஆனால் ஊரில் பெயரை வைத்துக்கொண்டு சென்னையில் வாக்குக் கேட்க முடியாது. ஊர் ஆலயத்துக்கு நன்கொடை அனுப்ப உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தால் இந்தப் படியைத் தள்ளிப்போடவே வேண்டாம். ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கும்போதுதான் பலருக்குத் தாங்கள் எந்தச் சேகரத்திலும் உறுப்பினர் இல்லை என்பது தெரியவருகிறது. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், இரு வீட்டுச் சேகரங்களிலிருந்தும் கடிதம் வேண்டும், லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) பொதுவாகத் திருமணம் நடத்தமாட்டார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும்.

4. சந்தாவைச் சரியான தலைப்பில், சரியான பெயரில் கட்டுங்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். திருநெல்வேலிப் பக்கம் சங்கக் காணிக்கை என்பார்கள், வேறு இடங்களில் சந்தா. பெயர் எதுவானாலும் உறுப்பினர் தகுதிக்குக் கணக்கில் வருவது இதுதான். ஞாயிறு காணிக்கை, ஸ்தோத்திரக் காணிக்கை, கட்டட நிதி, பண்டிகை ஏலப் பணம் இவையெல்லாம் எவ்வளவு கொடுத்திருந்தாலும் சந்தாவாக ஆகாது. கட்டட நிதிக்கு லட்சக்கணக்கில் கொடுத்த ஒருவரின் பெயர் பட்டியலில் இல்லாமல் போனதை நேரில் பார்த்தேன். அவருக்கு எவ்வளவு வேதனை என்பதையும் பார்த்தேன்.

இரண்டாவது, ரசீது யார் பெயரில் என்பது. வழக்கமாகக் குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் ரசீது போடுவார்கள். பட்டியல் தயாரிக்கும்போது அந்த ஒரு பெயர் மட்டும் ஏறும். மனைவி, வேலைக்குப் போகும் மகள், கல்லூரி முடித்த மகன் எல்லோரும் விட்டுப்போவார்கள். உங்கள் சேகரத்தில் சந்தா குடும்பத்துக்கா, ஆளுக்கா என்று கேளுங்கள். ஆளுக்கு என்றால் ஒவ்வொருவர் பெயரிலும் தனி ரசீது வாங்குங்கள். குடும்பத்துக்கு என்றால் குடும்ப அட்டையில் திருவிருந்து உறுப்பினர்கள் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பெண்கள் தங்கள் பெயரைத் தாங்களே சரிபார்ப்பது நல்லது. சி.எஸ்.ஐ.யின் மன்றங்களில் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பிரதிநிதித்துவம் உண்டு. பட்டியலில் பெயர் இல்லாதவர் அந்த இடத்துக்கு நிற்க முடியாது.

மூன்றாவது, நேரம். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு மொத்தப் பாக்கியையும் ஒரே நாளில் கட்டினால் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பாதீர்கள். இன்ன தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும், இத்தனை மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கக்கூடாது என்று விதியில் இருக்கும். மாதாமாதம் கட்டுங்கள். வங்கி வழியாக அனுப்பினால் குறிப்பில் "சந்தா", குடும்ப எண், எந்த மாதம் என்று எழுதி, சேகர ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

5. பட்டியல் ஒட்டும் வாரத்தைத் தவறவிடாதீர்கள்

சேகரக் கமிட்டிக்கும் திருமண்டலப் பெருமன்றத்துக்குமான (திருமண்டலத்தின் பொது மன்றம்) தேர்தல் சில திருமண்டலங்களில் மூன்றாண்டுக்கு ஒருமுறை, சிலவற்றில் நான்காண்டுக்கு ஒருமுறை. அதற்கு முன் வரைவு வாக்காளர் பட்டியலை ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். ஆட்சேபனை சொல்ல அவகாசம் குறைவு, பெரும்பாலும் சில நாட்கள்தான். அந்த ஞாயிறு ஊருக்குப் போயிருந்தால் போச்சு.

பட்டியலைக் கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் போய் நிதானமாக ஒவ்வொரு பெயரையும் பாருங்கள். விட்டுப்போனால் மாற்றுக் கடித நகல், சந்தா ரசீது நகல், குடும்ப எண் மூன்றையும் இணைத்துத் தேர்தல் அதிகாரிக்கு அன்றே எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் "சேத்துடுறோம்" என்பார்கள். இறுதிப் பட்டியல் வந்த பிறகு யார் நினைத்தாலும் சேர்க்க முடியாது.

பிரசாரக் காலத்தில் அணி அணியாக வீட்டுக்கு வருவார்கள். திருமண்டலத்தின் கையில் பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள் இருப்பதால் இந்தத் தேர்தலுக்கு இத்தனை வேகம். விருந்துக்கும் வேலை வாக்குறுதிக்கும் வாக்கை விற்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கடந்த தவணையில் நம் சேகரக் கணக்கு தணிக்கை ஆனதா என்று மட்டும் வருகிறவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

6. எந்த முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று தெரிந்து கேளுங்கள்

எங்களுக்கு அதிகக் காலம் வீணானது இது தெரியாததால்தான். சரியான கோரிக்கையைத் தவறான வாசலில் கேட்டுக்கொண்டே இருப்போம், அவர்களும் மறுக்காமல் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஆயர் தாமே முடிவெடுப்பவை: திருவிருந்து, ஞானஸ்நானம், திருமணம், பிரசங்க மேடை, ஆராதனை ஒழுங்கு. இவற்றில் அவருக்குப் பேராயர்தான் மேல். கமிட்டி யோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது.

சேகரக் கமிட்டி முடிவெடுப்பவை: ஆண்டு வரவுசெலவுத் திட்டம், ஆலயப் பராமரிப்பு, உள்ளூர்ப் பணியாளர், பண்டிகைச் செலவு, ஏழைகள் உதவி, கல்லறைத் தோட்டம். ஆயர்தான் கமிட்டியின் தலைவர். செயலாளரும் பொருளாளரும் சபையாரிலிருந்து வருவார்கள். தீர்மானம் என்றால் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு நடவடிக்கைப் புத்தகத்தில் எண்ணிட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

திருமண்டலம் முடிவெடுப்பவை: ஆயர்களின் இடமாற்றம், பள்ளி கல்லூரி நிர்வாகம், சேகரம் திருமண்டலத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு. பெருமன்றம் கூடாத நாட்களில் செயற்குழு நடத்தும். பேராயரோடு உபதலைவர், குருத்துவச் செயலர், லே செயலர் (குருவல்லாத சபையாரிலிருந்து வருபவர்), பொருளாளர் என்று பொறுப்பாளர்கள் இருப்பார்கள். "இந்த ஐயரை மாற்றாதீர்கள்" என்று சேகரக் கமிட்டியில் தீர்மானம் போட்டு அனுப்புவது வழக்கம். அது வேண்டுகோள்தான். முடிவு பேராயரிடமும் ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் குழுவிடமும் இருக்கிறது. பேருந்து பிடித்து நூறு பேர் போய் நிற்பதைவிட, காரணங்களை ஒரு பக்கத்தில் எழுதி இடமாற்றப் பட்டியல் தயாராகும் முன்பே அனுப்புவது பயன்படும்.

சினாடு முடிவெடுப்பவை: விசுவாசம், வழிபாட்டு முறை, அமைப்புச் சட்டம், புதிய திருமண்டலங்கள். மொத்தம் 24 திருமண்டலங்கள் இதன்கீழ் இருக்கின்றன. யாழ்ப்பாணத் திருமண்டலமும் அதில் ஒன்று. பேராயர் தேர்விலும் இரண்டு கட்டம் உண்டு: திருமண்டலப் பெருமன்றம் வாக்களித்துச் சில பெயர்களைப் பட்டியலாக அனுப்பும், அதிலிருந்து ஒருவரைச் சினாடு மட்டத்துக் குழு தேர்ந்தெடுக்கும். அதிக வாக்கு வாங்கியவர்தான் பேராயர் ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இதைத் தெரியாமல் "எங்கள் வாக்கு என்ன ஆச்சு" என்று கொதிப்பவர்கள் உண்டு.

அமைப்புச் சட்டத்தைத் திருத்தச் சினாடு மட்டும் போதாது. அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்த பிறகு திருமண்டலங்களிலும் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் தர வேண்டும். அடிப்படையான விஷயங்களுக்கு இன்னும் கூடுதலான பங்கு தேவை. பேராயர்களின் ஓய்வு வயதை 67-இலிருந்து 70 ஆக்க 2022-இல் கொண்டுவந்த திருத்தம் நீதிமன்றத்துக்குப் போனபோது, இந்த ஒப்புதல் முறையாகக் கிடைத்ததா என்பதுதான் முக்கியக் கேள்வி. ஒரு திருத்தம் பெருமன்றத்துக்கு வரும்போது உங்கள் சேகரப் பிரதிநிதி எப்படி வாக்களித்தார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

நிலம், கட்டடம் தனி. பெரும்பாலான சொத்துகள் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் என்ற நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றன. சேகரக் கமிட்டிக்கு அவற்றை விற்கவோ நீண்டகாலக் குத்தகைக்கு விடவோ அதிகாரம் இல்லை. யாராவது ஆலய நிலத்தை விற்பதாக உங்களிடம் வந்தால், கமிட்டித் தீர்மானத்தை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் அப்படிப் பணத்தை இழந்த குடும்பம் இருக்கிறது.

7. கோரிக்கையை எழுத்தில், கூட்டத்துக்கு முன் கொடுங்கள்

எங்கள் ஆலயத்தின் மேற்கு வாசலில் மூன்று கல் படிகள். கைப்பிடி கிடையாது. நடைச்சட்டம் வைத்திருக்கும் பாட்டிகளை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே விடுவார்கள். சட்டத்தை மூன்றாவது ஆள் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். சாய்தளம் ஒன்று கட்டலாமே என்று சொன்னால் எல்லோரும் "கண்டிப்பா செய்யணும்" என்றார்கள். மனசாரச் சொன்ன பதில்தான், ஆனால் எந்தக் கூட்டத்தின் பொருள்நிரலிலும் அது ஏறவில்லை.

எழுதிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதி, பெயர், குடும்ப எண், என்ன வேண்டும் என்பது ஒரே வரியில், ஏன் என்பது இரண்டு மூன்று வரியில், தோராயச் செலவு, பணம் எங்கிருந்து வரலாம் என்ற யோசனை. "ஆயர் மற்றும் சேகரக் கமிட்டித் தலைவர்" என்று விலாசமிட்டுச் செயலாளருக்கு ஒரு நகல். "அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.

பொருள்நிரல் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே உறுப்பினர்களுக்குப் போய்விடும். அதற்கு முன் மனு கைக்குப் போக வேண்டும். கூடவே கமிட்டியில் உங்கள் பகுதியிலிருந்து இருக்கும் உறுப்பினர் ஒருவரைப் பார்த்து முன்மொழிய முடியுமா என்று கேளுங்கள். முன்மொழிய ஆள் இல்லாத மனு வாசிக்கப்பட்டு அப்படியே படுத்துவிடும். மேஸ்திரியிடம் விலைப்புள்ளி வாங்கி இணைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும். பெரிய வேலை என்றால் மூன்று விலைப்புள்ளி கேட்பார்கள்.

கூட்டத்துக்குப் பிறகு செயலாளரிடம் தீர்மான எண்ணையும் தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் போதாமல் போகலாம். கட்டடத்தில் மாற்றம் என்பதால் எங்கள் சாய்தளத்துக்குத் திருமண்டலத்தின் அனுமதியும் தேவைப்பட்டது. கமிட்டித் தீர்மான நகல், வரைபடம், மதிப்பீடு மூன்றும் சேர்ந்து போன பிறகே அது கிடைத்தது. இடையில் அந்தக் காகிதம் எந்த மேஜையில் இருக்கிறது என்று மாதத்துக்கொருமுறை மரியாதையாக விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கோபப்பட்டுப் பயன் இல்லை, அலுவலகத்தில் இருப்பவர்கள் குறைந்த ஆட்களோடுதான் வேலை பார்க்கிறார்கள். இப்போது அந்தப் பாட்டிகள் தாங்களே சட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

8. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கைக் கேளுங்கள்

நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதற்குப் பிறகு தணிக்கையான கணக்கைச் சபைப் பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் இந்தக் கூட்டம் நடக்கும், பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள். அச்சிட்ட நகலை முந்தைய வாரமே கேட்டு வாங்கிப் படித்துவிட்டு வந்தால் கேள்வி சுருக்கமாக இருக்கும்.

பார்க்க வேண்டியவை: சென்ற ஆண்டின் இறுதி இருப்பும் இந்த ஆண்டின் தொடக்க இருப்பும் ஒன்றா, வங்கி இருப்புக்கும் கணக்கேட்டுக்கும் வித்தியாசம் இருந்தால் விளக்கம் இருக்கிறதா, கையிருப்பு ரொக்கம் அளவுக்கு மீறி இருக்கிறதா, கட்டட நிதி போன்ற தனி நிதிகளிலிருந்து வேறு செலவுக்கு எடுத்திருக்கிறார்களா, திருமண்டலத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு பாக்கி இருக்கிறதா. கடைசிக் கேள்வி முக்கியம். ஆயர்களின் சம்பளம் அந்தப் பணத்திலிருந்துதான் போகிறது. நம் சேகரம் பாக்கி வைத்தால் எங்கோ ஒரு கிராமச் சபை ஊழியரின் வீட்டில்தான் அது தெரியும்.

கேள்வியைத் தனிமனிதர் மேல் வைக்காமல் பக்க எண், வரி எண் சொல்லிக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் "என் கேள்வியை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லி உட்காருங்கள்.

9. நீங்களே நிற்க விரும்பினால்

நில்லுங்கள் என்றுதான் சொல்வேன். கணக்குத் தெரிந்தவர்கள், அலுவலக வேலை தெரிந்தவர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள் கமிட்டிக்குத் தேவை. விதியில் முதலில் பார்க்க வேண்டியவை வயது வரம்பு, இந்தச் சேகரத்தில் எத்தனை ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், திருமண்டல நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவருக்குக் கட்டுப்பாடு உண்டா என்பவை. வேட்புமனுவில் முன்மொழிபவரும் வழிமொழிபவரும் இறுதிப் பட்டியலில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் கையெழுத்து, பட்டியல் வரிசை எண் இரண்டையும் சரிபார்த்துக் கொடுங்கள். கட்டணம் இருந்தால் ரசீது வாங்குங்கள்.

சேகரக் கமிட்டிக்கு நிற்பது வேறு, பெருமன்ற உறுப்பினர் பதவிக்கு நிற்பது வேறு. 'டி.சி.' என்று பேச்சில் சொல்வது பின்னதை. திருமண்டலப் பொறுப்பாளர்களையும், சினாடுக்குப் போகும் பிரதிநிதிகளையும், பேராயர் பட்டியலையும் வாக்களித்து முடிவு செய்பவர்கள் அவர்கள். சினாடுப் பிரதிநிதிகள்தான் பிரதமப் பேராயரை (சினாடின் தலைவர்)த் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நீங்கள் பெட்டியில் போடும் சீட்டு. புதிதாக வந்தவர்கள் முதலில் கமிட்டியில் ஒரு தவணை இருந்துவிட்டு அப்புறம் பெருமன்றத்துக்கு நிற்பது நல்லது என்பது என் கருத்து.

10. முடிவில் முறைகேடு என்று தோன்றினால்

முதலில் தேர்தல் அதிகாரிக்கு, அல்லது முடிவெடுத்த கமிட்டியின் தலைவருக்கு எழுத்தில் புகார். அடுத்தது பேராயருக்கு மேல்முறையீடு. தேர்தல் புகாருக்குக் காலக்கெடு மிகக் குறைவு, முடிவு அறிவித்த அன்றே விதியைத் திறந்து நாளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒழுங்கு நடவடிக்கை போன்ற விஷயங்களுக்குத் திருமண்டல மட்டத்திலும் சினாடு மட்டத்திலும் திருச்சபைக்கே உரிய நீதிமன்றங்கள் உண்டு.

உரிமையியல் நீதிமன்றம் கடைசியில்தான். திருச்சபைக்குள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டீர்களா என்பதுதான் அங்கேயும் முதல் கேள்வியாக வரும். வழக்கறிஞர் கட்டணம், ஆண்டுக்கணக்கான காத்திருப்பு இரண்டையும் யோசித்துக்கொள்ளுங்கள். 2024-இல் சினாடு நிர்வாகத்துக்கே ஓய்வுபெற்ற நீதிபதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் நிர்வாகிகளாக நியமித்து, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கு நடக்கும் காலத்தில் கூட்டங்களும் தேர்தல்களும் நின்றுபோகலாம். சேகரத்தின் சின்ன வேலைகள்கூட அதில் மாட்டிக்கொள்ளும்.

எந்த வழியில் போனாலும் கேட்கப்படும் காகிதங்கள் ஒன்றுதான்: மாற்றுக் கடித நகல், சந்தா ரசீதுகள், வாக்காளர் பட்டியலின் படம், கையெழுத்து வாங்கிய மனு நகல், தீர்மான எண். இவற்றை ஒரே கோப்பில் ஆண்டு வாரியாக வைத்து, குடும்ப எண்ணைக் கோப்பின் மேலட்டையில் எழுதிவையுங்கள்.